பஞ்சும் நொதியும்

புதுச்சேரி பஞ்சாலைகளால் பெயர்பெற்ற நகர். அங்கு 1898-இல் தோன்றிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 2020-இல் மூடப்பெற்றது. ஆயினும் பஞ்சின் பயன் முடிந்திலது.

பஞ்சின் உடற்பொருள் செல்லுலோசு. அதனைத் தாவரங்களினின்று 1838-இல் பிரித்தறிந்தவர் அன்செல்ம் பாயன் என்னும் பிரெஞ்சு அறிஞர். உயிர்களிடம் தோன்றி வேதிவினையை விரைவுபடுத்தும் நொதிகளுள் முதலாவதை 1833-இல் பெர்சோவுடன் கூடிக் கண்டவரும் அவரே.

செல்லுலோசு நீரில் கரையாது. 100 பாகை செல்சியசுக்குக் கீழேயே நீர்மமாய் நிற்கும் சில உப்புகளில் அது கரையும் என 2002-இல் அமெரிக்க அறிஞர் காட்டினர். இவ்வுப்புகள் அயனி நீர்மங்கள் எனப்படும். கரைசலில் நீரைச் சேர்த்தால் செல்லுலோசு மென்படலமாய் மீளும். அதில் பிணைக்கப்பெற்ற நொதி நீரோடு கலந்து ஒழியாது. மீண்டும் மீண்டும் தொழிற்படும். பாயன் தனித்தனியே கண்டவை இவ்வாறு ஒன்றுக்கொன்று துணையாயின.

ஆயின், அவ்வுப்புகள் விலைமிக்கவை. அவற்றையும் மீட்டுப் பயன்கொண்டாலே இம்முறை நிலைபெறும். கொண்டதை வீணாக்காமையே தொழிலறம்.