மலிவு விலைக் கடைசல் இயந்திரங்கள்: வாங்குமுன் அறிய வேண்டியவை

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் நெல்லும் கரும்பும் மணிலாவும் பெருமளவு கிணற்று நீரை நம்பியே விளைகின்றன. பயிர் வாடும் வேளையில் பம்பு மோட்டார் பழுதுற்றால், நகரப் பட்டறைக்குக் கொண்டு சென்று காத்திருப்பது உழவருக்குப் பெருநட்டமாகும். ஆகவே, கிராமத்திலேயே ஒரு லேத் பட்டறை அமைவது வரவேற்கத்தக்கதே. ஆனால் கடன் பெற்று வாங்கும் இயந்திரம் தரமற்றதாயின், வேலை மீண்டும் நகரத்திற்கே போய்விடும். கடன் மட்டும் கிராமத்தில் தங்கிவிடும்.

லேத்து எனப்படும் கடைசல் இயந்திரங்கள் கோயமுத்தூர், ராஜ்கோட், பட்டாலா, லூதியானா முதலிய ஊர்களில் செய்யப்படுகின்றன. மேசைமீது வைக்கத்தக்க சிறு லேத்துகள் சீனத்திலிருந்தும் வருகின்றன. ஒரே ஊரில் நல்லவையும் உண்டு, குறையுடையவையும் உண்டு. எனவே, ஊர்ப்பெயரையோ வண்ணப் பூச்சையோ கொண்டு தரத்தை முடிவு செய்தல் கூடாது.

விலை குறைவதன் காரணம் யாது? லேத்தின் 'பெட்' என்னும் அடிப்பகுதி வார்ப்பிரும்பால் ஆனது. வார்த்த இரும்பு குளிரும்போது அதனுள் இழுவிசைகள் தங்கிவிடும். அவை நீங்கும்பொருட்டு, வார்ப்பை மாதக்கணக்கில் வெளியில் கிடத்தியோ உலையில் பக்குவமாகச் சூடேற்றியோ, அதன் பின்னரே இறுதியாக இழைக்க வேண்டும். இதற்குக் காலமும் பொருளும் செலவாகும். இதைத் தவிர்த்துச் செய்த பெட், நாளடைவில் தானே முறுக்கிக்கொள்ளும். வழித்தடங்களைக் கடினப்படுத்தாமல் விட்டால் அவை விரைவில் தேயும். சில சிறு லேத்துகளில் உலோகப் பற்சக்கரங்களுக்குப் பதில் பிளாஸ்டிக் சக்கரங்கள் உள்ளன. பெருஞ்சுமையில் அவற்றின் பற்கள் முறியும்.

இக்குறைகள் உழவரை எவ்வாறு பாதிக்கும்? மோட்டார் ஷாஃப்டில் பேரிங் அமரும் இடத்தின் அளவு ஏறக்குறைய 0.01 மில்லிமீட்டருக்குள் அமைய வேண்டும். இது தலைமயிரின் பருமனைவிடப் பன்மடங்கு சிறியது. அளவு குறைந்தால் பேரிங் ஷாஃப்டின்மேல் வழுக்கிச் சூடேறும். மிகுந்தால் அதன் குண்டுகள் இறுகும். இரண்டின் முடிவும் மோட்டார் எரிதலே.

ஜெர்மானியப் பேராசிரியர் கியார்க் ஷ்லெசிங்கர் இயந்திரங்களைச் சோதிக்கும் முறைகளைத் தொகுத்து 1927-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அம்மரபில் வந்த சில எளிய சோதனைகள் வருமாறு:

1. நுண்ணிய ரசமட்டத்தைப் பெட்டின் குறுக்கே வைத்து இரு முனைகளிலும் பார்க்க வேண்டும். காட்டும் அளவு மாறினால் பெட் முறுக்கியுள்ளது என்பது பொருள்.

2. சக்கைக் கழற்றிவிட்டு, சுழல்தண்டின் முனையில் டயல் கேஜை வைத்துக் கையால் சுற்ற வேண்டும். முள் 0.01 மில்லிமீட்டருக்கு மேல் ஆடுதல் நன்றன்று.

3. தடித்த இரும்புத் தண்டு ஒன்றைச் சக்கில் மட்டும் பிடித்து, 150 மில்லிமீட்டர் வெளியே நீட்டி, இரு முனைகளிலும் வளையம் போல் விட்டு நடுவைக் கடைந்து குறைக்க வேண்டும். பின்னர், உளியின் நிலையை மாற்றாமல் இரு வளையங்களையும் மெல்லிதாகக் கடைந்து, மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். இரண்டும் ஒத்திராவிடில் பெட்டோ ஹெட்ஸ்டாக்கோ நேர்கோட்டில் இல்லை எனலாம்.

4. ஒரு தட்டின் முகத்தைக் கடைந்து, நேர்விளிம்பை வைத்து நோக்க வேண்டும். நடுவில் மிகச் சிறிது குழிந்திருக்கலாம்; மேடாயிருத்தல் ஆகாது.

குறை கண்டவுடன் இயந்திரத்தை ஒதுக்கிவிடலும் சரியன்று. கைப்பிடியின் தளர்ச்சியை நட்டை இறுக்கிக் குறைக்கலாம். டெயில்ஸ்டாக் விலகலைத் திருகுகளால் சரிசெய்யலாம். சமமற்ற தளத்தில் நிறுத்தியதால் நேர்ந்த முறுக்கு, உறுதியான காங்கிரீட் தளத்தில் மட்டம் பார்த்துப் பொருத்தினால் நீங்கும். ஆனால் வெடித்த வார்ப்பு, மென்மையான வழித்தடம், வளைந்த சுழல்தண்டு ஆகியவற்றைக் கிராமத்தில் திருத்தவியலாது. அவ்வியந்திரம் எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1940-ஆம் ஆண்டில் வெளிவந்த டி.எம்.வி. 2 மணிலா ரகத்தை நம் உழவர் நன்கறிவர். எத்துணைப் புகழ்பெற்ற ரகமாயினும், முளைப்புத்திறன் பாராமல் விதைப்பவர் யார்? இயந்திரத்திற்கும் அவ்விதியே பொருந்தும்.

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் இதில் பெரிதும் உதவலாம். கடன் நாடும் இளைஞரை மாவட்டத் தொழில் மையத்திற்கு வழிகாட்டுக. விலைப்புள்ளியிலேயே, சோதனையில் தேறிய பின்னரே முழுத்தொகை என்னும் நிபந்தனையை எழுதி வாங்கச் செய்க. தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர் ஒருவரைச் சோதனையின்போது உடனிருக்குமாறு வேண்டுக. புதிய சிறு லேத்தின் விலையில், நன்கு பேணப்பட்ட பழைய கனத்த லேத்து கிடைக்குமாயின், அதையும் இதே வகையில் சோதித்து ஒப்பிடுக. ஒரு நாள் சோதனை, பல ஆண்டுக் கடன் சுமையினின்றும் ஒரு குடும்பத்தைக் காக்கும்.