அறுபது முகம் காட்டும் புரத உருண்டை

1984ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் சுகாதார அமைச்சர் மார்கரெட் ஹெக்லர் செய்தியாளர்களைச் சந்தித்தார். ஏய்ட்ஸ் நோயை உண்டாக்கும் கிருமி அடையாளம் காணப்பட்டுவிட்டது என்று அறிவித்த அவர், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் அதற்கான தடுப்பூசி சோதனைக்கு ஆயத்தமாகிவிடும் என்ற நம்பிக்கையையும் வெளியிட்டார். அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருந்தது. பெரியம்மை உலகிலிருந்து ஒழிக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இளம்பிள்ளைவாதமும் தட்டம்மையும் தடுப்பூசிக்கு அடங்கியிருந்தன. கிருமி கிடைத்துவிட்டால் தடுப்பூசியும் கிடைத்துவிடும் என்றே பலரும் எண்ணினர்.

அந்த இரண்டு ஆண்டுகள் நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டன. உலகில் இன்று ஏறத்தாழ 40 மில்லியன் மக்கள் எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்கின்றனர். அவர்கள் தொடர்ந்து எடுத்துக்கொள்ளும் மருந்துகள் கிருமி பெருகாமல் கட்டுப்படுத்துகின்றன. ஆயினும், ஒவ்வோர் ஆண்டும் ஒரு மில்லியனுக்கும் அதிகமானோருக்குப் புதிதாகத் தொற்று ஏற்படுகிறது. தடுப்பூசி இன்னும் வரவில்லை. முயற்சி குறைவு என்று எவரும் கூற முடியாது. தாய்லாந்தில் 16,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் பங்கேற்ற ஒரு சோதனையின் முடிவு 2009இல் வெளிவந்தது. தொற்று 31 விழுக்காடு மட்டுமே குறைந்திருந்தது. அதே வழியைச் செம்மைப்படுத்தித் தென்னாப்பிரிக்காவில் நடத்தப்பட்ட மற்றொரு சோதனை, பயன் தெரியாததால் 2020இல் நிறுத்தப்பட்டது.

பிற நோய்களை வென்ற வழி இங்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை? விடை கிருமியின் மேற்பரப்பில் இருக்கிறது.

எச்.ஐ.வி. கிருமி மனித உயிரணுவைப் பற்றிக்கொள்வதற்குத் தன் மேற்பரப்பில் முள் போன்ற புரதங்களை வைத்திருக்கிறது. உடலின் காவல் படையான எதிர்ப்பொருள்கள் அந்த முட்களைப் பிடித்துக்கொண்டால் கிருமியால் உயிரணுவுக்குள் நுழைய இயலாது. எனவே, கிருமி மூன்று தந்திரங்களைக் கையாள்கிறது. முதலாவது, தன் முட்களின் அமைப்பை ஓயாமல் மாற்றிக்கொள்கிறது. இரண்டாவது, அவற்றின்மேல் சர்க்கரை மூலக்கூறுகளைப் போர்வை போலப் போர்த்திக்கொள்கிறது. அந்தச் சர்க்கரை மனித உடலே உருவாக்கியது என்பதால் எதிர்ப்பொருள்கள் அதைப் பகையாகக் கருதுவதில்லை. மூன்றாவது தந்திரம் வெகு எளிமையானது. அதனாலேயே நெடுங்காலம் அதிகம் பேசப்படாமல் இருந்தது. இக்கிருமிக்கு முட்கள் மிகக் குறைவு.

சளிக்காய்ச்சல் கிருமியின் மேற்பரப்பில் நூற்றுக்கணக்கான முட்கள் நெருக்கமாக நிற்கின்றன. எச்.ஐ.வி. கிருமியிலோ சராசரியாக 14 முட்கள்தாம் உள்ளன. அவையும் ஒன்றுக்கொன்று எட்டி நிற்கின்றன. எதிர்ப்பொருளுக்கு இரண்டு கைகள் உண்டு. ஓடும் பேருந்தில் இரு கைகளாலும் கம்பியைப் பற்றியிருப்பவர் எளிதில் விழமாட்டார். ஒரு கையால் மட்டும் பிடித்திருப்பவர் திருப்பத்தில் தடுமாறுவார். ஒரு முள்ளைப் பிடித்த எதிர்ப்பொருளின் மறு கைக்கு அடுத்த முள் பெரும்பாலும் எட்டுவதே இல்லை.

இந்தக் குறைபாடு அதற்கும் முன்பே, எதிர்ப்பொருள் உருவாகும் கட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. எதிர்ப்பொருள்களைத் தயாரிப்பவை பி உயிரணுக்கள். ஒவ்வொரு பி உயிரணுவும் தனக்கென ஒரு வடிவத்தைத் தேடிக்கொண்டு உடலில் சுற்றி வருகிறது. அந்த வடிவம் கையில் சிக்கியதும் அது விழித்தெழுந்து, பல்கிப் பெருகி, எதிர்ப்பொருள்களை வெளியிடுகிறது. ஒரே ஒரு பிடிப்பு பெரும்பாலும் அதனை எழுப்பப் போதாது. பல பிடிப்புகள் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் அது நன்றாக விழித்துக்கொள்ளும். பள்ளித் திடலைக் கடந்து வரும் மாணவனின் காலுறையில் புல்விதைகள் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கலாம். விதையிலுள்ள ஒரு கொக்கி மட்டும் மாட்டினால் காலை உதறியதும் அது விழுந்துவிடும். பத்துக் கொக்கிகள் மாட்டினால் விரலால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கிருமி முட்களைக் குறைத்து மறைந்துகொள்கிறது என்றால், தடுப்பூசி அவற்றைக் கூட்டிக் காட்டலாம் அல்லவா? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவையே புரத நானோ துகள்கள்.

ஆனால், எந்தப் பகுதியைக் காட்டுவது? இதற்கான துப்பு நோயாளிகளிடமிருந்தே கிடைத்தது. எச்.ஐ.வி. தொற்றுடன் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களுள் சிலருடைய இரத்தத்தில், உலகெங்கும் பரவியுள்ள பலவகை எச்.ஐ.வி. கிருமிகளையும் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அவற்றுள் புகழ்பெற்றது, 2010இல் அறிவிக்கப்பட்ட வி.ஆர்.சி.01. சோதித்துப் பார்க்கப்பட்ட கிருமி வகைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை அது முடக்கியது. முள்ளில் மனித உயிரணுவைப் பற்றும் இடத்தையே அது பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு மாறினாலும் அந்த இடத்தைக் கிருமியால் பெரிதாக மாற்ற முடியாது. மாற்றினால் உயிரணுவுக்குள் நுழையும் வழியை அதுவே அடைத்துக்கொண்டதாகிவிடும். எதிர்ப்பொருளை உருவாக்கத் தூண்டும் இத்தகைய பகுதியை அறிவியலாளர்கள் ஆன்டிஜென் என்பர்.

இத்தகைய எதிர்ப்பொருள் நோயாளிக்குக் காலங்கடந்தே கிடைக்கிறது. அதற்குள் கிருமி உருமாறித் தப்பிவிடுகிறது. தொற்று ஏற்படுவதற்கு முன்பே அதனை நலமானவரின் உடலில் உருவாக்க முடியுமா என்பதே ஆய்வாளர்களின் கேள்வி. இரண்டு தடைகள் குறுக்கே நின்றன. வி.ஆர்.சி.01 வகை எதிர்ப்பொருளாக வளரக்கூடிய தொடக்க நிலை பி உயிரணுக்கள் மிகவும் அரியவை. ஏறத்தாழ 300,000 பி உயிரணுக்களில் ஒன்றுதான் அத்தகையது. அதைவிடப் பெரிய தடை, அந்த இளம் உயிரணுக்களால் உண்மையான எச்.ஐ.வி. முள்ளைப் பிடிக்கவே முடியவில்லை என்பது. பல ஆண்டுகள் பழகித் தேர்ந்த பிறகே அந்தத் திறன் வருகிறது. முதல் வகுப்பு மாணவனிடம் பல்கலைக்கழகத் தேர்வுத்தாளை நீட்டினால் அவன் என்ன செய்வான்?

கலிபோர்னியாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் ஆய்வுக்கழகத்தின் வில்லியம் ஷீஃப் குழுவினர் தேர்வுத்தாளையே மாற்றினர். முள் முழுவதையும் விட்டுவிட்டு, உயிரணுவைப் பற்றும் இடம் அமைந்த சிறு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டனர். கணினியின் துணையோடு அதில் மாற்றங்களைச் செய்தனர். ஆய்வகத்தில் மேலும் பல மாற்று வடிவங்களை உருவாக்கி, இளம் உயிரணுவின் பிடிக்கு எவை நன்றாகப் பொருந்துகின்றன என்று சலித்தெடுத்தனர். இவ்வாறு உருவான துண்டுக்கு இ.ஓ.டி.-ஜி.டி.8 என்று பெயர். பெயரில் உள்ள எட்டு என்னும் எண்ணே, அதற்கு முன் எத்தனை வடிவங்கள் வந்துபோயின என்பதைச் சொல்லிவிடுகிறது.

அடுத்து, இத்துண்டுகளைத் தாங்கி நிற்க ஓர் உருண்டை தேவைப்பட்டது. அது கிடைத்த இடம் வியப்பானது. ஏறத்தாழ 95 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் வாழும் ‘அக்குவிஃபெக்ஸ்’ என்னும் பாக்டீரியாவில், வைட்டமின் பி2 தயாரிப்பில் உதவும் ஒரு நொதி உண்டு. லூமசின் சிந்தேஸ் என்பது அதன் பெயர். எச்.ஐ.வி. கிருமிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால், அந்த நொதியின் அறுபது பிரதிகள் தாமாகவே ஒன்றுகூடி, உள்ளே வெற்றிடம் கொண்ட ஓர் உருண்டையாகிவிடுகின்றன. அவற்றை யாரும் அடுக்குவதில்லை, ஒட்டுவதுமில்லை. ஒவ்வொரு துண்டின் விளிம்பும் அடுத்த துண்டின் விளிம்போடு மட்டுமே பொருந்தும்படி இயற்கையிலேயே அமைந்திருக்கிறது. வெப்பம் மிகுந்த இடத்தில் உருவானது என்பதால் அந்த உருண்டை எளிதில் சிதைவதும் இல்லை.

ஷீஃப் குழுவினர் அந்த நொதிக்குரிய மரபணுவோடு தாங்கள் உருவாக்கிய துண்டுக்குரிய மரபணுவையும் இணைத்தனர். ஆய்வகத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்கள் அந்த மரபணுவைப் படித்து, துண்டும் நொதியும் சேர்ந்த ஒரே புரதத்தைத் தயாரித்தன. அறுபது புரதங்கள் கூடி உருண்டையானபோது, அறுபது ஆன்டிஜென்களும் வெளிப்புறம் நீட்டிக்கொண்டு நின்றன. பார்ப்பதற்கு ரம்புத்தான் பழம் போன்ற தோற்றம். அளவோ மிகச் சிறிது. ஒரு தலைமுடியின் குறுக்கே அத்தகைய உருண்டைகளை வரிசையாக வைத்தால் இரண்டாயிரத்துக்கு மேல் வைக்கலாம்.

தாங்கும் உருண்டைகள் வேறு வகைகளிலும் உள்ளன. இரும்புச்சத்தைச் சேமிக்கும் ஃபெரிட்டின் என்னும் புரதத்தின்மீது எட்டு முழு முட்களை நிறுத்தலாம். இயற்கையில் இல்லாத உருண்டையையே கணினியில் வரைந்து உருவாக்கியவர்களும் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பேக்கர், நீல் கிங் ஆகியோரின் குழுக்கள் 2016இல் அறிவித்த உருண்டை ஒன்று இருபது முட்களைத் தாங்கவல்லது. கோவிட்-19 கிருமிக்கு எதிராக அதைக்கொண்டு செய்யப்பட்ட தடுப்பூசிக்குத் தென்கொரியா 2022இல் அனுமதி வழங்கியது. புரதங்களைக் கணினியில் வடிவமைத்ததற்காகப் பேக்கர் 2024இல் வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பெற்றார்.

உருண்டைக்கு இன்னொரு நன்மையும் உண்டு என்பது 2019இல் தெரியவந்தது. கழுத்திலும் அக்குளிலும் உள்ள நிணநீர்க் கணுக்களே பி உயிரணுக்கள் பயிற்சி பெறும் இடங்கள். தனித் துண்டாகச் செலுத்தப்பட்ட ஆன்டிஜென், எலிகளின் நிணநீர்க் கணுக்களில் போதிய அளவு தங்கவில்லை. உருண்டையின்மீது நெருக்கமாக நின்ற ஆன்டிஜென்களோ பயிற்சிக் களத்தின் மையத்துக்கே போய்ச் சேர்ந்தன. அவற்றின்மேல் இருந்த சர்க்கரை மூலக்கூறுகளை உடலிலுள்ள ஒரு புரதம் அடையாளம் கண்டு, அவை அங்குப் போய்ச்சேர வழி செய்தது. கிருமி ஒளிந்துகொள்வதற்குப் போர்த்திய அதே சர்க்கரை, இங்கே முகவரிச் சீட்டாகிவிட்டது!

எலிகளைக் கடந்து மனிதர்களிடம் இந்த உருண்டை வேலை செய்யுமா? 2018இல் அமெரிக்காவில் நலமான 48 தன்னார்வலர்களைக் கொண்டு சோதனை தொடங்கியது. அவர்களுள் 36 பேருக்கு எட்டு வார இடைவெளியில் இரண்டு முறை இந்தத் தடுப்பூசி போடப்பட்டது. மற்றவர்களுக்கு மருந்தற்ற ஊசி. முடிவு 2022இல் வெளியானது. தடுப்பூசி பெற்ற 36 பேரில் 35 பேரின் உடலில், தேடப்பட்ட அந்த அரிய பி உயிரணுக்கள் விழித்தெழுந்து பெருகியிருந்தன. மூன்று இலட்சத்தில் ஒன்றைப் பெயர் சொல்லி அழைத்து எழுப்பியது போன்ற செயல் இது.

எனினும், அந்த 35 பேரும் எச்.ஐ.வி.யிலிருந்து பாதுகாப்புப் பெற்றுவிட்டதாகக் கொள்ளக்கூடாது. விழித்த உயிரணுக்கள் இன்னும் முதல் வகுப்பில்தான் இருக்கின்றன. அவற்றை அடுத்தடுத்த வகுப்புகளுக்கு அழைத்துச் செல்ல, உண்மையான முள்ளைப் படிப்படியாக ஒத்துவரும் வேறு வேறு உருண்டைகள் தேவை. தாங்கும் உருண்டையையும் உடல் அயலானாகக் கருதி அதற்கு எதிராகவும் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. ஆய்வாளர்கள் அதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவிலும் ருவாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளிலும் நடந்த அடுத்த சோதனைகளின் முடிவுகள் 2025இல் வெளிவந்தன. இம்முறை உருண்டை ஆய்வகத்தில் செய்யப்படவில்லை. அதைச் செய்வதற்கான குறிப்பு எம்.ஆர்.என்.ஏ. வடிவில் ஊசிமூலம் தரப்பட்டது. தன்னார்வலர்களின் உடலே உருண்டைகளைக் கட்டிக்கொண்டது. அமெரிக்கச் சோதனையில் சிலருக்கு இரண்டாம் படிக்குரிய வேறோர் உருண்டையும் தரப்பட்டது. அவர்களுடைய எதிர்ப்பொருள்கள் வி.ஆர்.சி.01ஐ நோக்கி மேலும் ஒரு படி ஏறியிருந்தன. அதே வேளையில், பங்கேற்றவர்களுள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் தோன்றின. ஓரிருவர் என்று ஒதுக்கிவிட முடியாத எண்ணிக்கை அது. அதற்கான காரணத்தைக் கண்டறியும் பணி ஒருபுறமும், மூன்றாம் படிக்குரிய முகத்தை வடிவமைக்கும் பணி மறுபுறமுமாக ஆய்வகங்களில் வேலை நடந்து வருகிறது.