சாலையைக் கடக்குமுன் ஒரு கணக்கு

பாலவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்துதான் நம்மில் பலர் பள்ளிக்கு வருகிறோம். திருவான்மியூர்ப் பக்கமிருந்து ஒரு கார் வருகிறது. "தூரத்தில்தானே வருகிறது, ஓடிவிடலாம்" என்று நினைக்கிறோம். இந்நினைப்புச் சரிதானா? வகுப்பில் படித்த இயக்கச் சமன்பாட்டைக் கொண்டே பார்ப்போம்.

கணக்கு: மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வரும் கார், பிரேக் பிடித்ததும் வினாடிக்கு 5 மீ./வினாடி வீதம் சீராக வேகம் குறைந்து நிற்கிறது. பிரேக் பிடித்தபின் அது எவ்வளவு தூரம் செல்லும்? மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வந்தால்?

முதலில் அலகை மாற்றுவோம். 36 × 5/18 = 10 மீ./வினாடி. இதை மறந்தால் பின்னர் வருவதெல்லாம் பிழையே.

அடுத்து, தெரிந்தவற்றை எழுதுவோம். தொடக்கத் திசைவேகம் 10. கார் நிற்பதால் இறுதித் திசைவேகம் 0. வேகம் குறைவதால் முடுக்கம் –5, இக்குறியை விடலாகாது. காலம் கொடுக்கப்படவில்லை, கேட்கப்படவும் இல்லை. ஆகவே காலம் இடம்பெறாத சமன்பாட்டை எடுப்போம்:

இறுதித் திசைவேகத்தின் வர்க்கம் = தொடக்கத் திசைவேகத்தின் வர்க்கம் + (2 × முடுக்கம் × தூரம்)

0 = 100 – (10 × தூரம்)
தூரம் = 10 மீ.

இனி 72 கி.மீ. வேகம். இது 20 மீ./வினாடி. வேகம் இருமடங்கு, ஆகவே தூரமும் இருமடங்கு, 20 மீ. என்று சொல்லத் தோன்றும். அது தவறு.

0 = 400 – (10 × தூரம்)
தூரம் = 40 மீ.

இருமடங்கன்று, நான்கு மடங்கு! ஏன்? இக்கார் நிற்க 4 வினாடி ஆகிறது. ஒவ்வொரு வினாடியிலும் செல்லும் தூரம் முறையே 17.5, 12.5, 7.5, 2.5 மீ. இவை 7 : 5 : 3 : 1 என்ற விகிதத்தில் உள்ளன. ஓய்விலிருந்து சீராக முடுக்கம் பெறும் பொருள் சமகால இடைவெளிகளில் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் தூரம் கடக்கும் என்று 1638-இல் வெளியான தம் நூலில் கலிலியோ காட்டினார். நம் கார் அவ்வரிசையையே தலைகீழாகச் சொல்கிறது. மெதுவாக வந்த காருக்கோ கடைசி இரண்டு வினாடிகளின் தூரம் மட்டுமே: 7.5 + 2.5 = 10 மீ.

இன்னும் ஒன்று. நம்மைக் கண்டபின் ஓட்டுநரின் கால் பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆகும் என்று கொள்வோம். அந்த வினாடியில் வேகம் குறைவதில்லை. ஆகவே மெதுவான கார் நிற்க மொத்தம் 10 + 10 = 20 மீ.; விரைவான காருக்கு 20 + 40 = 60 மீ. அதாவது, முதற்கார் முற்றிலும் நின்றுவிடும் அதே 20-ஆம் மீட்டரில், இரண்டாவது கார் அப்போதுதான் வேகம் குறையத் தொடங்குகிறது!

தோழியரே, ஒரு பயிற்சி: மழையில் நனைந்த சாலையில் வேகம் குறையும் வீதம் 2.5 ஆகிவிட்டால், விரைவான கார் பிரேக் பிடித்தபின் எவ்வளவு தூரம் செல்லும்? விடை 80 மீ. வழியை நீங்களே எழுதிப் பாருங்கள்.

தேர்வில் இக்கணக்குத் தவறினால் சில மதிப்பெண்களே போகும். சாலையில் தவறலாகாது. காரின் தூரத்தை மட்டும் பாராமல் அதன் வேகத்தையும் பார்ப்போம். ஐயமிருந்தால், அது கடந்து செல்லும்வரை நிற்போம்.