நிறுத்தும் பொத்தான்

வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமுமாகப் புழங்கி வளரும், கேரள எல்லையோர ஊரான வெள்ளறடையின் பிள்ளைகளுக்கு மூன்றாவதாக ஆங்கிலத்தைப் பேசப் பழக்குவது சுலபமென்றே எவரும் எண்ணுவர். ஆயினும் அவ்விரு பாஷைகளையும் காதால் கற்ற அவர்கள், ஆங்கிலத்தை மட்டும் கரும்பலகையைப் பார்த்துக் கண்ணால் கற்கிறார்கள் என்பதில்தான் சங்கடமெல்லாம் இருக்கிறது.

சாதனங்களுக்கு இப்பக்கத்தில் என்றும் பஞ்சமில்லை. 1943-இல் திருவனந்தபுரத்தில் சமஸ்தான வானொலி வந்தது. 1984-இல் நாகர்கோவிலில் ஸ்தல வானொலி வந்தது. 2005-இல் கல்விக்கென்றே விக்டர்ஸ் தொலைக்காட்சி வந்தது. 2020 ஜூன் மாதத்தில், பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது, அந்த விக்டர்ஸில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் ஆரம்பமாயின. பிள்ளைகள் சிரத்தையாகத்தான் பார்த்தார்கள். ஆனால் வாய் திறக்கவில்லை. ஓடிக்கொண்டேயிருக்கும் படம் பதிலுக்குக் காத்திருப்பதில்லையே! ஆகையால் பதிவு செய்த பாடத்தின் மகத்தான குணம் அதை இடையில் நிறுத்தலாம் என்பதே என்று நான் அபிப்பிராயப்படுகிறேன்.

அரை நிமிஷத்துக்கு மேற்படாத துண்டு போதும். வானிலை அறிக்கையோ கிரிக்கெட் வருணனையோ எதுவானாலும், முதலில் திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேட்கச் செய்வேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, பேசியவருடைய ஏற்ற இறக்கத்தோடேயே திருப்பிச் சொல்லச் சொல்வேன். 'வெ-ஜி-டே-பிள்' என்று அசைக்கொன்றாக நான்கு தட்டுத் தட்டிக்கொண்டிருந்த கைகள், செவி தெளிந்தபின் 'வெஜ்-ட-பிள்' என்று தாமாகவே மூன்றில் நின்றுவிடும். அடியில் ஓடும் எழுத்து வரிகளை அணைத்து வைப்பது அவசியம். அவை இருந்தால் காது வேலைநிறுத்தம் செய்துவிடும்.

அப்புறம் ஒலியை நிறுத்திப் படத்தை மட்டும் ஓட்டுவேன். "சாரே, சத்தமில்லாத படத்தில எதக் கேக்கது?" என்றாள் ஒரு சிறுமி. கேட்பதற்கல்ல, உதட்டைப் பார்ப்பதற்கு. உள்ளாடையாகிய வெஸ்டுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடுகிறது. மேற்குத் திசையாகிய வெஸ்டுக்கு உதடு குவிகிறது. தமிழெழுத்து காட்டாத அந்தப் பேதத்தை மௌனப் படம் காட்டிவிடுகிறது.

கடைசியாக அவரவர் குரலை வீட்டுக் கைபேசியில் பதிவு செய்து, மூலத்தையும் அதையும் அடுத்தடுத்துக் கேட்க விடுவேன். நான் குற்றம் எதுவும் சொல்வதில்லை. ரப்பர் பால் வெட்டப் போகும் தகப்பனாரிடம்தான் வீட்டின் ஒரே கைபேசி இருக்குமாதலால், இந்த அப்பியாசத்தை மாலைக்கு ஒதுக்குவது உசிதம். மழைக்காலமானால், மின்சாரம் போகுமுன் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றி வைத்துவிட வேண்டும்.