கறுப்பு கார்: துடைக்கத் துடைக்கக் கெடும்

கறுப்பு கார் வாங்குகிறவரிடம் ஷோரூமில் யாரும் சொல்லாத விஷயத்தை, சில மாதங்கள் கழித்து பெட்ரோல் பங்க்கின் எல்இடி விளக்கு சொல்லிவிடும். பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாகக் கீறல். உடனே யோசனைகள் வந்து குவியும். பக்கத்து வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார், மெக்கானிக் ரப்பிங் போடச் சொல்வார், யூடியூப்காரர் செராமிக் கோட்டிங் என்பார். எல்லாவற்றிலும் துளி உண்மை கலந்திருப்பதால்தான் அவை இவ்வளவு காலம் ஓடுகின்றன.

“கறுப்பு பெயின்ட் மென்மையானது, சீக்கிரம் கீறும்”

காரில் நம் கை படுவது நிறத்தின் மேல் இல்லை. தகரத்தின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அடுத்து பிரைமர், பிறகு நிறம், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட். இந்த மேல்பூச்சு பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமன்கூடத் தேறாது. ஒரே மாடலின் வெள்ளைக்கும் கறுப்புக்கும் பெரும்பாலும் ஒரே கிளியர் கோட்தான், விழுகிற கீறலும் ஒன்றுதான். கீறலின் விளிம்பு வெளிச்சத்தைச் சிதறடித்து வெளுப்பாகத் தெரியும். வெள்ளைக் காரில் அந்த வெளுப்பு கரைந்துபோகும், கறுப்பில் மாட்டிக்கொள்ளும்.

அந்த வட்டமே பாதி கண்கட்டு வித்தை. கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. அவற்றில் விளக்கொளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால், விளக்கைச் சுற்றிக் கோலம் போட்டதாகத் தோன்றுகிறது. செல்போன் டார்ச்சைக் கதவின் மேல் பிடித்து நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும்.

“தினமும் துடைத்தால்தான் பளபளப்பு நிற்கும்”

கறுப்பு காரைக் கெடுப்பதில் இந்த நம்பிக்கைக்கே முதலிடம் கொடுப்பேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடிகாலையில் நடப்பதைப் பாருங்கள். ஒரே வாளி, ஒரே துணி, வரிசையாகப் பத்துக் கார். மூன்றாவது காரிலேயே தண்ணீர் பழுப்பாகிவிடும். நம் தெருத் தூசியில் மணல்துகள் கலந்திருக்கிறது. மணல் கண்ணாடியையே கீறக்கூடியது. அதை ஈரத்துணியில் அள்ளிக்கொண்டு பானெட் மேல் வட்டமாகத் தேய்ப்பதற்குத்தான் மாதச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். துடைக்கிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கார் தினமும் மின்ன வேண்டும் என்று கேட்டது நாம்.

‘பழைய பனியன் துணி மெத்தென்றுதானே இருக்கிறது’ என்பார்கள். பருத்தி நூல் மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் பனியன் வேஸ்ட்டில் தையல் ஓரம் இருக்கும், சில சமயம் பிரின்ட் போட்ட ரப்பர் மையும் இருக்கும். அதைவிடப் பெரிய குறை, தட்டையான துணி தூசியை உள்ளே இழுத்துக்கொள்ளாமல் பெயின்ட்டுக்கும் தனக்கும் நடுவிலேயே வைத்து உருட்டுவது. மைக்ரோஃபைபரின் பிளந்த இழைகளுக்கு நடுவே துகள் ஒதுங்க இடம் உண்டு. கறுப்புக்கு, முடி நீளமாக, தடிப்பாக உள்ள துண்டாகப் பார்த்து வாங்கி, ஓரத்து லேபிளை வெட்டிவிடுங்கள். மற்ற துணிகளோடு துவைக்கக் கூடாது. கம்ஃபர்ட் மாதிரி மென்மையூட்டி சேர்க்கவும் கூடாது. அது இழைமேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். தரையில் விழுந்த துண்டைத் துவைக்காமல் பெயின்ட் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

தூசி சும்மா உட்கார்ந்திருப்பதால் பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாரம் அப்படியே விடலாம். பிறகு முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள். கார் ஷாம்பு நுரை ஒரு வாளியில், துணியை அலச வெறும் தண்ணீர் இன்னொரு வாளியில். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் முதலில் அலசு, பிறகு நுரையில் தோய். மேலிருந்து கீழே வர வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. பிரேக் தூசியில் இரும்புத்துகள் இருக்கிறது. ஈரத்தை எடுக்கும்போது தேய்க்காமல் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள்.

ஷாம்புக்குப் பதில் விம் போட்டால் பெயின்ட் உரிந்துவிடும் என்பது மிகை. ஒருமுறை போட்டால் மேலே இருக்கிற வாக்ஸைத்தான் கழுவிக்கொண்டு போகும். அதையே வழக்கமாக்கினால் ஒவ்வொரு முறையும் கார் காப்பின்றி நிற்கும்.

“வெயிலில் நிறுத்திக் கழுவினால் சீக்கிரம் காயும்”

காயும், அதுதான் சிக்கலே. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கறுப்பு, ஒரு வெள்ளி நிற ஹோண்டா சிவிக்கை வெயிலில் நிறுத்திப் பார்த்தார்கள். கறுப்பின் கூரை மற்றதைவிட 25 டிகிரி செல்சியஸ் வரை கூடுதலாகச் சுட்டது. அந்தச் சூட்டில் ஷாம்பு அலசுவதற்குள் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும். போர் தண்ணீர் என்றால் இன்னும் மோசம்: தண்ணீர் ஆவியாகி, அதிலிருந்த சுண்ணாம்பு உப்பு ஒவ்வொரு சொட்டின் விளிம்பிலும் வெள்ளை வளையமாக நிற்கும். புதிய வளையம் என்றால் தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்த துணியை அரை நிமிடம் வைத்து, எடுத்து, நன்றாக அலசினால் போய்விடும். மாதக்கணக்கில் விட்டு கிளியர் கோட்டையே அரித்திருந்தால் பாலிஷ்தான் கதி. விடிகாலை நிழலில், ஒவ்வொரு பாகமாக முடித்தால் இந்த வேலையே வராது.

“ரப்பிங், பாலிஷ், வாக்ஸ் எல்லாம் ஒன்றுதான்”

மூன்றும் மூன்று வேலை. ரப்பிங் காம்பவுண்டு கிளியர் கோட்டைச் சுரண்டி எடுக்கும். பாலிஷும் அதையே நுணுக்கமாகச் செய்யும். வாக்ஸ் எதையும் எடுக்காது, மேலே படிந்து சில வாரம் காக்கும். முதல் இரண்டையும் ஆண்டுதோறும் சர்வீஸோடு சேர்த்துப் போடுகிறவர், இருக்கிற 40, 50 மைக்ரானைத் தவணையில் செலவழிக்கிறார். கம்பளிப் பேடு மாட்டிய ரோட்டரி மெஷினைப் பழக்கமில்லாதவர் ஓட்டினால், கீறல் போன இடத்தில் ஹாலோகிராம் என்று சொல்லப்படும் புகைமூட்டக் கோடுகள் வந்து உட்காரும். கறுப்புக்கு டிஏ (டூயல் ஆக்ஷன்) மெஷினும் ஃபோம் பேடும் கேட்டு வாங்குங்கள். கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டும்போது நகம் சிக்கினால், அது பாலிஷுக்கு அடங்காத ஆழம்.

கறுப்புக் காருக்கென்றே விற்கிற கறுப்பு வாக்ஸ் கீறலை நிறத்தால் மூடுவதாகச் சொல்வார்கள். கீறல் இருப்பது நிறமில்லாத அடுக்கில். பள்ளத்தை எண்ணெய்ப் பசை நிரப்பும்வரை கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நாலு வாட்டர் வாஷில் திரும்ப வந்துவிடும். தேங்காய் எண்ணெயும் அதே கதை, கூடவே ஊர்த் தூசி முழுவதையும் ஒட்டவைத்துக்கொள்ளும். பற்பசை மெல்லிய சுரண்டி. வெள்ளைக் காரில் வேலை செய்ததாகத் தோன்றும், கறுப்பில் மங்கல் போடும்.

“9எச் செராமிக் போட்டால் கீறலே விழாது”

வைரத்துக்கு 10 தருகிற மோஸ் அளவுகோலில் இது 9 என்று பலர் நினைக்கிறார்கள். சில கடைக்காரர்கள் திருத்துவதுமில்லை. 9எச் என்பது பென்சில் கணக்கு. பூச்சின் மேல் பென்சில் முனையை அழுத்தித் தள்ளிப் பார்க்கும் சோதனையில் ஆகக் கடினமான பென்சில் அது. மணல் அதைவிடக் கடினம். பூச்சின் தடிமனோ ஓரிரு மைக்ரான். தண்ணீர் உருண்டோடும், அழுக்கு எளிதில் கழன்றுவரும், வாக்ஸைவிடப் பல மடங்கு நாள் தாங்கும். இவை போதுமென்றால் தாராளமாகப் போடலாம். நெடுஞ்சாலையில் தெறிக்கும் கல்லைத் தாங்க வேண்டுமென்றால் 150 முதல் 200 மைக்ரான் வரும் பிபிஎஃப் என்ற பெயின்ட் பாதுகாப்புப் படலம்தான் வழி, விலையும் அதற்கேற்ப இருக்கும்.

கோட்டிங் போடும் முன் கீறலை எடுக்காவிட்டால், அது அப்படியே அடியில் தங்கிவிடும். அதனால் பேரம் பேசும்போதே ஒன்று கேளுங்கள்: பானெட்டின் நடுவே டேப் ஒட்டி, ஒரு பாதியை மட்டும் பாலிஷ் செய்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, டேப்பை எடுத்து வெயிலில் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு கடை பாருங்கள்.