34 லட்சம் வித்தும் தோல்வி! ஒரு வீடியோ கேம் சொல்லித் தரும் சம்பளப் பாடம்



போன வாரம் நம்ம சேனலுக்கு ஒரு கேள்வி வந்தது. "அண்ணா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் சம்பளம் 42,000. அப்போ மாசம் 12,000 சேமிச்சேன். இப்போ சம்பளம் 68,000. ஆனா மாசக் கடைசியில கையில ஒரு ரூபா நிக்கல. எனக்குப் பிடிச்ச வேலை ஒரு சின்ன கம்பெனியில 55,000-க்கு வந்தது. அதையும் வேண்டாம்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. எங்க தப்பு பண்ணேன்?"

இந்தக் கேள்விக்கு நேரா பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கதை சொல்றேன். வீடியோ கேம் கதைதான். கேம் விளையாடாதவங்களும் தைரியமா படிக்கலாம், இதுல கணக்குதான் முக்கியம்.

லாரா கிராஃப்ட் ஏன் "ஃபெயில்" ஆனாங்க?

டூம் ரெய்டர் கேள்விப்பட்டிருப்பீங்க. 1996-ல வந்த கேம். லாரா கிராஃப்ட்ங்கிற கதாநாயகி பழங்காலக் கல்லறைகளுக்குள்ள புகுந்து புதையல் தேடுவாங்க. உலகம் பூரா ஹிட். காலப்போக்குல மவுசு குறைஞ்சது. 2009-ல ஜப்பானோட ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் அதோட உரிமையை வெச்சிருந்த பிரிட்டிஷ் நிறுவனமான ஐடாஸை வாங்கினாங்க. லாராவோட கதையை முதல்ல இருந்து புதுசா எழுதி, பெரிய செலவுல 2013 மார்ச் மாசம் மறுபடியும் இறக்குனாங்க.

விமர்சனம் நல்லா வந்தது. ஒரு மாசம்கூட முடியல, 34 லட்சம் பிரதி வித்துடுச்சு.

ஆனா அதே மார்ச் கடைசியில ஸ்கொயர் எனிக்ஸ் என்ன சொன்னாங்க தெரியுமா? விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு வரலைன்னு. அந்த வருஷத்துக்கு 350 கோடி யென் லாபம் வரும்னு கணிச்சிருந்தவங்க, அதை 1,300 கோடி யென் நஷ்டம்னு மாத்தினாங்க. தலைவர் யோய்ச்சி வாடா பதவி விலகுறதா அறிவிப்பு வந்தது. நஷ்டத்துக்கு இந்த ஒரு கேம் மட்டும் காரணம் இல்ல. ஹிட்மேன், ஸ்லீப்பிங் டாக்ஸ்னு இன்னும் ரெண்டு பெரிய கேமும் எதிர்பார்ப்பைத் தொடல. நிறுவனத்தைச் சீரமைக்கிற செலவும் சேர்ந்துக்கிச்சு.

34 லட்சம் வித்த ஒரு பொருள் எப்படிங்க தோல்வி ஆகும்? இங்கதான் நம்ம பாடம் ஆரம்பிக்குது.

பிரேக் ஈவன்: அந்தக் கோடு எங்க இருக்கு?

லாபமும் இல்லாம நஷ்டமும் இல்லாம கணக்கு நேரா நிக்கிற இடத்துக்குப் பேர்தான் பிரேக் ஈவன். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். இது புரியறதுக்காக நான் போட்ட எண்கள்.

ஒரு கேம் செய்ய 10 கோடி ரூபா செலவு. கடைக்காரர் பங்கு, வரி எல்லாம் போக ஒரு பிரதிக்கு 2,000 ரூபா கையில வருது. அப்போ 50,000 பிரதி வித்தா போட்ட காசு வந்துடும். அதே கேமை 100 கோடியில செஞ்சா? 5 லட்சம் பேர் வாங்கியே ஆகணும்.

முதல் கேமுக்கு அந்தத் தொடரோட பழைய ரசிகர்களே போதும். ரெண்டாவதுக்குப் போதாது. அதுவரைக்கும் அந்தப் பேரையே கேட்காதவங்களையும் உள்ள இழுக்கணும். அதனால "எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி" ஏதாவது சேர்க்க ஆரம்பிப்பாங்க. 2013 டூம் ரெய்டர்ல இணையம் வழியா பலர் மோதிக்கிற மல்டிபிளேயர் ஒண்ணு சேர்த்தாங்க. லாரா தனியா சுத்துற கேம்ல அதை யாரு கேட்டா? விமர்சகர்கள் நிறைய பேருக்கு அது ஒட்டாத பகுதியாத்தான் தெரிஞ்சது. 2015-ல வந்த அடுத்த பாகத்துல அந்த மோதல் ஆட்டம் இல்ல.

இந்தச் சங்கிலியை நல்லா கவனிங்க: செலவு கூடினா கோடு உயரும். கோடு உயர்ந்தா எல்லாரையும் திருப்திப்படுத்தணும். எல்லாரையும் திருப்திப்படுத்தப் போனா நம்ம அடையாளத்துலயே கை வைக்க வேண்டி வரும்.

ஒரே பேர், ரெண்டு பாதை

1994-ல வந்த ஏலியன் படையெடுப்பு கேம்தான் எக்ஸ்காம் தொடரோட தொடக்கம். செஸ் மாதிரி, நம்ம முறை வரும்போது யோசிச்சு வீரர்களை நகர்த்தணும். இதை மறுபடியும் கொண்டு வர 2கே நிறுவனம் முடிவு பண்ணப்போ, முதல்ல துப்பாக்கிச் சண்டை கேமாத்தான் அறிவிச்சாங்க. வியூக விளையாட்டுகள் இந்தக் காலத்துக்கு எடுபடாதுங்கிற மாதிரி 2011-ல அந்த நிறுவனத் தலைவரே பேசினாரு.

ஆனா அதே 2கே-வோட இன்னொரு ஸ்டுடியோ ஃபிராக்சிஸ், பழைய பாணியிலயே யோசிச்சு நகர்த்துற கேமா ஒண்ணு செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அது 2012 அக்டோபர்ல வந்து கொண்டாடப்பட்டது. 2016-ல ரெண்டாம் பாகமும் வந்தது. பல தடவை மாத்தி மாத்தி செஞ்ச அந்தத் துப்பாக்கி கேம் 2013 ஆகஸ்ட்ல வந்து பெருசா எடுபடல. அதைச் செஞ்ச ஸ்டுடியோவுல சில மாசத்துலயே பெரிய ஆள்குறைப்பு நடந்தது.

"எல்லாருக்கும் பிடிக்கணும்"னு முடிவெடுத்தது மேல இருந்தவங்க. வேலை போனது உங்களையும் என்னையும் மாதிரி மாசச் சம்பளக்காரங்களுக்கு.

சரி, சின்னதா செஞ்சா எப்பவும் ஜெயிக்கலாமா?

இல்ல. அப்படி எளிமையா முடிச்சுட்டா தப்பான பாடம் ஆயிடும்.

கேப்காமோட ரெசிடென்ட் ஈவில் 6-ல 600-க்கும் மேல ஆளுங்க வேலை செஞ்சாங்க. திகில், சண்டை, துரத்தல்னு எல்லா வகை ரசிகருக்கும் ஒவ்வொரு கதை. 2012-ல 70 லட்சம் விக்கும்னு கணிச்சு, பிறகு 60 லட்சம், 50 லட்சம்னு கணிப்பைக் குறைச்சாங்க. அடுத்ததா 2017-ல வந்த 7-ம் பாகத்துல பயத்துக்கே திரும்பிப் போனாங்க. பெரும்பாலும் ஒரு பாழடைஞ்ச வீடு, அதுக்குள்ள ஒரு குடும்பம், அவ்வளவுதான். ஆரம்பத்துல 6-ஐ விடக் குறைவாத்தான் கடைகளுக்குப் போச்சு. ஆனா வருஷக்கணக்கா வித்துக்கிட்டே இருந்து 1 கோடியைத் தாண்டிடுச்சு. அதுக்காக 6 சுத்தமா விக்கலைன்னு நினைக்காதீங்க. காலப்போக்குல அதுவும் 1 கோடியைத் தாண்டுச்சு.

டூம் ரெய்டரும் அப்படித்தான். 2013 முடியறதுக்குள்ள அந்த கேம் லாபத்துக்கு வந்துட்டதா தயாரிப்புக் குழுவே சொன்னாங்க. பிற்பாடு 1 கோடியையும் தாண்டுச்சு. ஆனாலும் 2022-ல ஸ்கொயர் எனிக்ஸ் டூம் ரெய்டர் உரிமையையும், அதைச் செஞ்ச ஸ்டுடியோ உட்பட மூணு ஸ்டுடியோக்களையும் சேர்த்து 30 கோடி டாலருக்கு வித்துட்டாங்க.

ஆக, பெரிய செலவுன்னாலே தப்பு கிடையாது. காத்திருக்க முடியாத உயரத்துல கோட்டைப் போட்டுக்கறதுதான் ஆபத்து. கோடு தாழ இருந்தா மெதுவா வர்ற வருமானம்கூட வெற்றி. கோடு உயர இருந்தா முதல் மாசம் 34 லட்சம்கூட ஏமாற்றம்.

இப்போ நம்ம நண்பரோட கணக்குக்கு வருவோம்

42,000 சம்பளத்துல: ஷேரிங் ரூம் வாடகை 9,000, வீட்டுக்கு 8,000, பைக் இஎம்ஐ 3,000, ரீசார்ஜ் மாதிரி சில்லறை 1,000. கட்டாயச் செலவு 21,000. சாப்பாடு, பெட்ரோல் 9,000. பிரேக் ஈவன் 30,000. மிச்சம் 12,000.

68,000 சம்பளத்துல: தனி ஃபிளாட் வாடகை 18,000, வீட்டுக்கு 10,000, கார் இஎம்ஐ 14,500, போன் இஎம்ஐ 3,500, பர்சனல் லோன் 9,000, ஜிம், ஓடிடி 2,000. கட்டாயச் செலவு 57,000. சாப்பாடு, பெட்ரோல் 11,000. பிரேக் ஈவன் 68,000. மிச்சம் பூஜ்யம்.

சம்பளம் 26,000 ஏறிச்சு, கோடு 38,000 ஏறிச்சு. தப்பு அங்கதான்.

பழைய கோடு 30,000-லயே நின்னிருந்தா, அந்த 55,000 வேலையில சேர்ந்து, மாசம் 25,000 சேமிச்சிருக்கலாம். இப்போ அவருக்கு யார் அதிகமா தர்றாங்களோ அவங்க வேலைதான். பிடிக்குதா இல்லையான்னு கேட்கிற உரிமை போயிடுச்சு. எல்லாரையும் திருப்திப்படுத்தியே ஆகணும்னு ஓடுற அந்தப் பெரிய பட்ஜெட் கேம் மாதிரியே ஆயிட்டாரு.

நீங்க செய்ய வேண்டிய 5 விஷயம்

1. உங்க கோட்டைக் கண்டுபிடிங்க. கடைசி மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் எடுங்க. தவிர்க்கவே முடியாத செலவைக் கூட்டுங்க. வீட்டுக்கு அனுப்புறதையும் சேருங்க, அது வெட்டற செலவு இல்ல. அந்தத் தொகையை ஒரு பேப்பர்ல பெருசா எழுதி வைங்க.

2. இன்க்ரிமென்ட் வந்தா பாதியை மட்டும் தொடுங்க. மீதிப் பாதி இஎம்ஐயா, வாடகையா மாறக் கூடாது. நேரா சேமிப்புக்குப் போகட்டும்.

3. வராத போனஸை நம்பி இஎம்ஐ போடாதீங்க. லாபம்னு எழுதின கணிப்பு நஷ்டமா மாறினதை மேல பார்த்தோம். உங்க அப்ரைசலும் ஒரு கணிப்புதான்.

4. இஎம்ஐயை முதல்ல ஒத்திகை பாருங்க. கார் வாங்கணுமா? மூணு மாசம் அந்தத் தொகையை தனி அக்கவுண்ட்ல போட்டுப் பாருங்க. மூச்சு முட்டுச்சுன்னா அந்தக் கார் இப்போ வேண்டாம். முட்டலைன்னா டவுன் பேமென்ட்டுக்கு ஒரு தொகை சேர்ந்திருக்கும்.

5. "இது யாருக்காக?"ன்னு ஒரு தடவை கேளுங்க. யாரும் கேட்காத அந்த மல்டிபிளேயர் மாதிரி, உங்க செலவுலயும் மத்தவங்க பார்க்கணும்னே சேர்த்தது ஒண்ணு ரெண்டு இருக்கும்.

ஒரு கூடுதல் கணக்கு. அவசர நிதி ஆறு மாசச் செலவுக்கு வேணும்னு எப்பவும் சொல்வோம். கோடு 30,000-னா 1,80,000 போதும். கோடு 68,000-னா 4,08,000 வேணும். கோடு ஏறும்போது சேமிக்கிற சக்தி குறையுது, சேமிக்க வேண்டிய தொகையோ ஏறுது. ரெண்டு பக்கமும் அடி.

நம்ம நண்பருக்கு என் பதில் இதுதான்: கவலைப்படாதீங்க தம்பி, கோட்டை இறக்க முடியும். முதல்ல வட்டி அதிகமான பர்சனல் லோனை முடிங்க. வாடகை ஒப்பந்தம் முடியும்போது சின்ன வீட்டுக்கு மாறுங்க. காரை வெச்சிருக்கணுமான்னு வீட்ல உட்கார்ந்து பேசுங்க. அடுத்த தடவை பிடிச்ச வேலை வரும்போது "சரி"ன்னு சொல்ற நிலைமையில இருப்பீங்க.

அகலக்கால் வைக்காதேன்னு பெரியவங்க சொன்னதும் இந்தக் கணக்கைத்தான்.

உங்க பிரேக் ஈவன் சம்பளத்துல எத்தனை சதவீதம் வருது? சம்பளத் தொகையைச் சொல்ல வேண்டாம், சதவீதத்தை மட்டும் கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல அதை வெச்சே பேசுவோம்.

(இந்தப் பதிவு கத்துக்கறதுக்கு மட்டும்தான். இதுல வர்ற எந்த நிறுவனத்தோட பங்கையும் வாங்கவோ விற்கவோ சொல்லல.)