வேரற்ற விசுவாசம்

கிறிஸ்தவ சமயத்தில் இரட்சிப்புக்கு அடிப்படையாகக் கூறப்படுவது விசுவாசம். அப்படியானால், சில காலம் உளமார விசுவாசித்துப் பின்னர் அதைக் கைவிட்ட ஒருவரது நிலை என்ன? அவர் இரட்சிப்பைப் பெற்று இழந்தாரா? அல்லது பெறவே இல்லையா?

இந்த வினா, இயேசுபிரான் கூறிய விதைப்பவன் உவமையிலேயே அடங்கியுள்ளது. பாறைமீது விழுந்த விதை முளைக்கிறது, பிறகு உலர்ந்துபோகிறது. வசனத்தை மகிழ்ச்சியுடன் ஏற்று, வேரில்லாமையால் சோதனைக் காலத்தில் பின்வாங்குவோரை இது குறிப்பதாக லூக்கா நற்செய்தியின் 8-ஆம் அதிகாரம் விளக்குகிறது.

ஜான் கால்வின் (1509-1564) இதனை மெய்யான விசுவாசத்திலிருந்து பிரித்துக் காட்டினார். எனினும், இத்தகையோரின் உள்ளத்து உணர்வு மெய்யடியார்களின் உணர்வைப் பெரிதும் ஒத்திருக்கக்கூடும் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். 1618-1619-இல் நெதர்லாந்தின் டார்ட்ரெக்ட் நகரில் கூடிய திருச்சபைப் பேரவை, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கால அளவு மட்டுமன்று. நிலம், வேர், கனி ஆகிய மூன்றிலும் அவை வேறுபடுகின்றன என்று தீர்மானித்தது. இதன்படி, இறுதிவரை நிலைக்காதது மீட்பளிக்கும் விசுவாசமே அன்று.

மற்றோர் அணி இதை ஏற்கவில்லை. லூதரன் சபையாரின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை, நீதிமானாக்கப்பட்டவரும் பரிசுத்த ஆவியை இழக்கக்கூடும் என்கிறது. பெற்ற அருள் சாவான பாவத்தால் இழக்கப்படும், மனந்திரும்புதலால் மீளப் பெறப்படும் என்று கத்தோலிக்கரின் டிரெண்ட் பொதுச்சங்கம் 1547-இல் போதித்தது. 18-ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லியும், மெய்யான விசுவாசியும் வீழக்கூடும் என்றே வாதிட்டார்.

ஒருகண விசுவாசமே என்றென்றைக்கும் போதுமானது என்று கூறும் போதகர்களும் இக்காலத்தில் உள்ளனர். ஆனால் மேற்கண்ட இரு அணிகளும் அதை ஏற்பதில்லை. மெய்யான விசுவாசி நிலைத்திருப்பார் என்கிறது ஒன்று. நிலைத்திருக்க வேண்டும் என்கிறது மற்றொன்று. இரண்டுமே சாதகனின் பார்வையை, என்றோ பெற்ற பரவசத்திலிருந்து இன்றைய வாழ்வின் கனிகளுக்குத் திருப்புகின்றன.

வீழ்ச்சி அனைத்தும் இறுதி வீழ்ச்சியாகிவிடாது என்பதும் இங்கே நினைவிற்கொள்ளத்தக்கது. சீடரான பேதுரு மும்முறை குருவை மறுதலித்தார். பின்னர் மனங்கசந்து அழுதார், திருச்சபையின் தூணாகவும் விளங்கினார். அந்த இரவோடு அவரது வாழ்வை அளந்திருந்தால் நம் தீர்ப்பு பிழைபட்டிருக்கும். ஆகவே, விலகிச் சென்றவரைப் பற்றி முடிவு கூறுவது நம் பணியன்று. நம்முள் வேர் ஆழ இறங்குகிறதா என்று நாள்தோறும் ஆராய்வதே நம் பணி.